வருமுன் காக்கும் தடுப்பூசியும் வந்தபின் போராடும் சிகிச்சையும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரசுக்கு எதிராக 2006-இல் ஒப்புதல் பெற்ற தடுப்பூசிக்கு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் 1991-இல் செய்த ஆய்வு அடித்தளமிட்டது. வைரசின் மேலோட்டுப் புரதங்கள் தாமாகவே கூடி, உள்ளே மரபணு ஏதுமற்ற வெற்று ஓடாக உருவெடுப்பதை அவர்கள் காட்டினார்கள். அந்த ஓட்டைக் கண்டு உடல் உருவாக்கும் எதிர்ப்பான்கள், வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன்பே அதை மடக்கிவிடுகின்றன. நுழைந்துவிட்டாலோ அவற்றால் பெரும் பயனில்லை.

நோயெதிர்ப்புச் சிகிச்சையின் களம் அங்கேதான் தொடங்குகிறது. புற்றுச்செல் பெருக வைரசின் இ6, இ7 புரதங்கள் இன்றியமையாதவை என்பதால், அவற்றை இனங்காண, நோயுற்ற செல்களை அழிக்கும் வெள்ளணுக்களான டி செல்களைப் பழக்குவதே சிகிச்சைத் தடுப்பூசிகளின் நோக்கம்; ஆனால் கட்டி அந்த டி செல்களையே முடக்கக்கூடும் என்பதால், அம்முடக்கத்தை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளும் தேவைப்படுகின்றன. உறுதியில் வருமுன் காக்கும் தடுப்பூசியே மேல் என்பது என் கணிப்பு. ஆயினும் கட்டியோடு வரும் பெண்ணை அது குணப்படுத்தாது என்பதால், சிகிச்சையின் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் பேராவலுடன் கவனித்துவருகிறேன்.