கொழும்பில் வாடகை வீட்டை விடும்போது: கடைசி மாத வாடகையைக் கட்டுவதா, அட்வான்சில் கழிப்பதா, மாற்று ஆள் பிடிப்பதா?

வீடு மாறப்போகிறேன் என்று சொன்னதும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து முழு வாடகையும் கட்டச் சொல்வார், இன்னொருவர் கடைசி இரண்டு மாதம் கட்டாமல் அட்வான்சில் கழித்துக்கொள்ளச் சொல்வார், மூன்றாமவர் வேறொரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகச் சொல்வார். எது சரி என்பது முதலில் உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் அதை எடுத்து வைத்துக்கொண்டே மிச்சத்தைப் படியுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் பலரிடம் இருப்பது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு வருட அக்ரிமெண்ட், அவ்வளவுதான். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமென்றால் நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்த உரிமம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதாமல் நீங்கள் குடியிருந்து மாதாமாதம் வாடகை கட்டி வந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அது பொதுவாக மாத வாடகைக் குடியிருப்புதான். அதை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத முன்னறிவித்தல் போதும். நொத்தாரிசு எழுதிய குத்தகை என்றால் கதை வேறு. அதில் இடையில் விலகும் வாசகம் இல்லையென்றால் மிச்சக் காலம் முழுவதற்கும் நீங்கள் பொறுப்பு.

சரி, முதல் வழி. நோட்டீஸ் கொடுத்து, அந்த மாதத்துக்கும் வாடகை கட்டிவிட்டுப் போவது. இதில் பலருக்கும் பணம் போகிற இடம் தேதிதான். வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்குகிறது, வாடகை 80,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 31ஆம் தேதிக்குள் கடிதம் கொடுத்தால் பெப்ரவரி முடிவில் பொறுப்பு தீர்ந்துவிடும். அதையே பெப்ரவரி 3ஆம் தேதி கொடுத்தால் முழு மாதம் என்பது மார்ச்தான், ஆகவே மார்ச் 31 வரை வாடகை ஓடும். மூன்று நாள் பிந்தியதற்கு 80,000 ரூபா! "இன்றிலிருந்து முப்பது நாள்" என்று எண்ணிக்கொண்டு லொறிக்குச் சொல்லிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடிதத்தில் வீட்டு விலாசம், எந்தத் தேதியோடு ஒப்படைக்கிறீர்கள் என்பது, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்பது, இந்த மூன்றும் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, வட்ஸ்அப்பிலும் ஒரு படம் போட்டுவிடுங்கள். வீட்டுக்கார அன்ரியிடம் படியில் கண்டபோது சொன்னேன் என்பது பிறகு எடுபடாது.

இரண்டாவது வழி, "அட்வான்சில கழிச்சுக்கொள்ளுங்கோ". ஏன் இவ்வளவு பேர் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. கையை விட்டுப்போன பணம் திரும்பி வராது என்ற பயம்தான். பெயின்ட், குழாய், சுவரில் ஆணி ஓட்டை என்று கணக்குக் காட்டி முழுதையும் விழுங்கும் வீட்டுக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அந்தப் பணம் சேதத்துக்கும் பாக்கி பில்லுக்கும் பிணையாகக் கொடுத்தது. அவர் சம்மதிக்காமல் நீங்களாக நிறுத்தினால் அன்றிலிருந்து நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர். இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் பாக்கி வாடகைக்காக உங்கள் சாமான்கள் மீதே வீட்டுக்காரருக்கு உரிமை வரும். அதை நீதிமன்றம் ஊடாகத்தான் அவர் நடைமுறைப்படுத்த வேண்டும், வாசலில் லொறியை மறிக்க முடியாது. ஆனால் சாமான் ஏற்றும் நாளில் இந்தச் சண்டை யாருக்கு வேண்டும்? அதேநேரம் அவரும் சம்மதித்தால் இதைவிட நல்ல வழி இல்லை. மூன்று மாத அட்வான்சில் இரண்டு மாதத்தைக் கழித்து, ஒரு மாதத்தைச் சேதத்துக்கு விட்டுவைக்கிறோம் என்று கதைத்து, இரண்டு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பயமும் தீர்ந்தது, பாக்கியும் இல்லை.

மூன்றாவது, மாற்று ஆள். மாத வாடகைக்காரருக்கு இது வீண் அலைச்சல். நொத்தாரிசு குத்தகையில் நான்கு மாதம் மிச்சம் இருப்பவருக்குத்தான் இது உயிர் காக்கும். அதே 80,000 என்றால் 3,20,000 ரூபா பொறுப்பு தலையில் இருக்கிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுத்து, இடையில் வீடு அரை மாதம் காலியாகக் கிடந்தாலும் 1,20,000தான் போகும். இதில் செய்யவே கூடாத ஒன்று, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நண்பரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடுகளில், அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதே தடை. அதற்கு வெளியே இருக்கும் வீடுகளிலும் அநேக அக்ரிமெண்டுகள் அதையே சொல்கின்றன. புதியவர் உடைத்தாலும் பாக்கி வைத்தாலும் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். புதியவரோடு வீட்டுக்காரர் நேரடியாகப் புது ஒப்பந்தம் எழுத வேண்டும், உங்கள் குத்தகை இந்தத் தேதியோடு ரத்து என்று தனியாக ஒரு பத்திரமும் வேண்டும். குத்தகையை எழுதிய நொத்தாரிசிடமே அதையும் எழுதிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நொத்தாரிசு இல்லாத அக்ரிமெண்டுக்கு முதல் வழிதான், மாத முடிவுக்கு முன்பே கடிதம். வீட்டுக்காரர் "ஒரு வருடம் என்று எழுதினீர்களே" என்று இழுத்தடித்தால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. இரண்டு மாத வாடகைக்காக வழக்காடிக் காலம் கழிப்பதைவிட, கையெழுத்தோடு அட்வான்சில் ஒரு மாதத்தை அவருக்கு விட்டுச் சமாதானமாவது லாபம். நீண்ட குத்தகைக்கு மாற்று ஆள். எதுவானாலும் திறப்பைக் கொடுக்கும் அன்று மின்சார மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் வாசிப்பு தெரியும்படி படம் எடுத்து, அவர் முன்னிலையிலேயே அனுப்பிவிடுங்கள். அந்த மாத பில் நீங்கள் போன பிறகுதான் வரும், அட்வான்சில் பிடிப்பதற்கு அநேகமாக முதலில் நீட்டப்படுவதும் அதுதான்.