ஈர ரோட்டில் இந்த வண்டி: ஏபிஎஸ்ஸுக்கு நன்றி, டயருக்கு இல்லை

போன வாரம் என் பைக்கின் இரண்டு டயரையும் மாற்றினேன். விஷயம் தெரிந்ததும் நண்பன் ஒருவன் கேட்டான்: "நானும் இதே வண்டியைத்தான் எடுக்கப்போகிறேன். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிற மாடலுக்கே போகட்டுமா, ஏபிஎஸ் மட்டும் இருப்பது போதுமா?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்து, கோபத்தில் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது ஏபிஎஸ். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பின் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது டிராக்‌ஷன் கன்ட்ரோல். பவர், மைலேஜ் எல்லாம் அவனுக்கே தெரியும். மழையில் இந்த வண்டி எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

முன்பக்க ஏபிஎஸ்ஸை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். நல்ல மழையில் போய்க்கொண்டிருந்தபோது ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்தது. முன் பிரேக்கை முழுசாக அழுத்திவிட்டேன். விரலுக்கடியில் லிவர் டகடகவென்று துடித்தது. ஹேண்டில் கொஞ்சமும் திரும்பவில்லை. வண்டி நேராகப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றது. ஏபிஎஸ் இல்லாத வண்டி என்றால் முன் சக்கரம் லாக் ஆகி வாரிவிட்டிருக்கும். பின் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் என்ன நடந்தது என்று புரிவதற்குள் தரையில் கிடப்போம்.

சக்கரத்தோடு சுற்றும் வளையத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வேகம் சட்டென்று விழுந்தால் ஏபிஎஸ் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடி கொடுக்கிறது, ஒரே நொடியில் பல தடவை. எந்த மனித விரலுக்கும் அது வராது. 1988-ல் பிஎம்டபிள்யூ கே100-ல் வந்தபோது பெரிய டூரிங் வண்டிக்கான சமாச்சாரமாக இருந்தது, இன்று ஆபீஸ் போகிற வண்டியில் இருக்கிறது. மனசார மதிக்கிறேன்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலும் குறை சொல்ல முடியாதது. ஈரமான வெள்ளைக் கோட்டின் மீதோ மேன்ஹோல் மூடியின் மீதோ ஆக்ஸிலரேட்டரைத் திருகினால், பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கும். அந்தக் கணமே மீட்டரில் விளக்கு மினுக்கும், இழுவை குறையும், வால் ஆடாது.

அப்புறம் ஏன் கோபம்?

குண்டும் குழியுமான ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் பாதி வழியில் பிரேக்கே இல்லாதது போல் ஆகிவிடும். சின்ன மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்புகிறது. பிடித்திருக்கிற பிரேக்கில் அது உடனே நிற்கப் பார்க்கிறது. ஏபிஎஸ் அதைச் சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை விட்டுவிடுகிறது. லிவர் கையில் இருக்கிறது, வண்டி மட்டும் மிதந்து முன்னால் போகிறது. கண நேரம்தான், ஆனால் முன்னால் பஸ்ஸின் பின்பக்கம் நெருங்கி வரும்போது அது கண நேரமாகத் தெரியாது. சர்வீஸில் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "ஏபிஎஸ் அப்படித்தான் சார்."

அப்படித்தான் இல்லை. டயரை மாற்றியதும் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று கல் மாதிரி இறுகிய ரப்பரில் செய்தது. ஈரத்தில் பிடிப்பு சீக்கிரமே விட்டுப்போனதால்தான் ஏபிஎஸ் அத்தனை தடவை குறுக்கே வந்திருக்கிறது. ஏபிஎஸ்ஸால் புதிதாகப் பிடிப்பை உண்டாக்க முடியாது. டயர் கொடுப்பதை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. உராய்வுக் கெழு, அதாவது டயர் ரோட்டைப் பிடிக்கிற அளவு, 0.8 இருக்கும் காய்ந்த ரோட்டில், 60 கிமீ வேகத்தில் பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கச் சுமார் 18 மீட்டர் வேண்டும். ஈரத்தில் அது 0.5 ஆனால் 28 மீட்டர். நாம் சுதாரிக்கிற ஒரு நொடியில் ஓடும் 17 மீட்டர் தனி. அந்தப் பத்து மீட்டர் வித்தியாசத்தைக் குறைப்பது ரப்பரும் அதன் பள்ளங்களும்தான், பெட்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் இல்லை. விளம்பரத்தில் கம்ப்யூட்டரைப் பெரிதாகக் காட்டிவிட்டு டயரில் மிச்சம் பிடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏபிஎஸ்ஸின் கைக்கு எட்டாத இடங்களும் உண்டு. ஈரத்தில் அவசரமாக ஒரு கியர் குறைத்து கிளட்சைப் பட்டென்று விட்டால், எஞ்சினே பின் சக்கரத்தை இழுத்துச் சறுக்க வைக்கும். பிரேக்கைத் தளர்த்துவதால் அது தீராது. அங்கே காப்பாற்றுவது, எஞ்சின் அப்படி இழுக்கும்போது கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், இந்த வண்டியில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. வளைவிலும் அப்படித்தான். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இந்த ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. சாய்வையும் அளக்கும் முறையை 2013-ல் பாஷ் கம்பெனி கொண்டுவந்தது, கேடிஎம் 1190 அட்வென்ச்சரில். நம்முடையதில் அது இல்லை. அதனால் மழையில் பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே. பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வேகம் மெதுவாகக் குறைவதால் ஈரத்தில் எடை அவ்வளவாக முன்னால் சாயாது, பின் சக்கரத்துக்கும் நல்ல பங்கு இருக்கிறது.

சரி, என்ன முடிவு? டிராக்‌ஷன் கன்ட்ரோல் மாடலை எடுக்காதே. இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாய். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அதிலும் அதே டயரைத்தான் மாட்டித் தருகிறார்கள், எனக்கு ஆறவில்லை. கீழ் மாடலை எடு, மிச்சப் பணத்தில் முதல் மழைக்கு முன்பே ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர் இரண்டைப் போடு. வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பார், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். கடையில் பழைய சரக்காகக் கிடந்து இறுகிப்போனதைத் தலையில் கட்டப் பார்த்தால் வேறு கேள்.

என் வண்டியை மட்டும் கேட்காதே, விற்கமாட்டேன்.