பெரியவர்களுக்குப் புது போன் வாங்கினால் கடைக்காரரை ஜிமெயில் திறக்க விடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பெரியவர்களைத் தனியாக விட்டுவிட்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, நடந்தது இது.

போன வருடம் காரைக்குடியில் ஒரு மொபைல் கடையில் ஆத்தா ஆண்ட்ராய்டு போன் வாங்கினார்கள். கடைப் பையனே ஜிமெயில் திறந்து, பழைய நம்பர்களை எல்லாம் ஏற்றி, வாட்ஸ்அப்பும் போட்டுக் கொடுத்து, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டான். பாஸ்வேர்டு என்ன என்று மட்டும் ஆத்தாவிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் அயித்தைக்கு, ஆத்தாவின் படம் போட்ட ஒரு புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது. பழைய சிம் வேலை செய்யவில்லை, கோயில் புள்ளி வரியும் (குடும்பக் கணக்கில் கோயிலுக்குக் கட்டுகிற வரி) வீட்டு ஓடு மாற்றுகிற செலவும் ஒன்றாக வந்துவிட்டது, அவசரம் என்று. கூடவே கோயில் ரசீதின் படம், அதுவும் ஆத்தா தன் போனில் எடுத்து வைத்திருந்த அதே படம்! பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? அயித்தை நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார்கள். அதே செய்தி சிங்கப்பூர் சித்தப்பாவுக்கும் போய், அவர் ஆத்தாவின் பழைய நம்பருக்கே கூப்பிட்டுப் பேசியதால்தான் விஷயம் வெளியே வந்தது.

நான் ஊருக்கு வந்து ஆத்தாவின் கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சாதனங்கள் வரிசையில் ஆத்தாவின் போனுக்குக் கீழே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. கணக்கை மீட்கும் நம்பராக இருந்தது கடையின் நம்பர். அந்த நம்பர் கையில் இருந்தால், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லி உள்ளே நுழைய வழி கிடைத்துவிடலாம். போன் எடுக்கிற படங்களும் தொடர்பு எண்களும் அந்தக் கணக்கில்தான் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

கடைக்குப் போய்க் கேட்டால், "பெரியவுக மறந்துட்டு மறுபடி இங்கதானே வர்றாக ஆச்சி, அதுக்குத்தான் எழுதி வைக்கிறோம்" என்று ஒரு நீளக் கணக்கு நோட்டைக் காட்டுகிறார்கள். பெயர், போன் நம்பர், ஜிமெயில், பாஸ்வேர்டு. எல்லாருக்கும் அவரவர் பெயர், பின்னால் 123. கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கடைக்காரரே பணம் பறித்தார் என்று நான் சொல்லவில்லை, அதைப் போலீஸ் கண்டுபிடிக்கட்டும். ஆனால் கல்லாப் பக்கத்தில் திறந்து கிடக்கிற நோட்டை யாரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாமே. நோட்டில் ஆத்தாவின் பெயர் இருந்த வரியை அடித்துவிடச் சொன்னதற்கு முதலாளி முகம் கொடுத்தே பேசவில்லை.

மீட்பு நம்பரை மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றி, அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பும் (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை) போட்டேன். ஒன்றைக் கவனியுங்கள், மீட்பு நம்பரை மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய நம்பருக்கே சரிபார்ப்பு எண்ணை அனுப்ப கூகுள் இடம் கொடுக்கலாம், அதனால் அந்த வாரம் முழுக்கக் கணக்கின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களையும் பார்த்துவிட்டு, ஆறு இலக்க ரகசிய எண் (PIN) ஒன்று போட்டுவிடுங்கள். புதுப் பாஸ்வேர்டை ஆத்தா ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். எழுபது வயதுக்காரருக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, நோட்டு நம் வீட்டில் இருக்கிற வரைக்கும்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டிக்கொண்டே இருக்கும். மலேசியாவில் இருப்பவர்களுக்கு அங்குள்ள மோசடி உதவி எண் 997. அயித்தையின் பணம் இன்னும் வரவில்லை. அந்த நோட்டில் உங்கள் ஆத்தா, அப்பச்சி (அப்பா) பெயரும் இருக்கலாம், இன்றைக்கே அவர்கள் போனில் மீட்பு நம்பர் யாருடையது என்று பாருங்கள்.