போக்கிமான் ஷோடவுன் டீம்பில்டர், டேமேஜ் கால்குலேட்டர்: வேலூரிலிருந்து போட்டிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் போக்கிமானைப் போட்டிக்காக ஆடுகிற எல்லோரிடமும் சொந்தமாக ஸ்விட்ச் (நின்டெண்டோவின் கேம் கருவி) இருக்காது. ஹாஸ்டல் அறையில் ஒரே ஸ்விட்சை நாலு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது சகஜம். அப்படிப்பட்ட இடத்தில் டீம் கட்டும் வேலையை ஃபோனிலேயே முடிக்க வழி செய்வது போக்கிமான் ஷோடவுன் என்ற இணையதளம். 2011 முதல் இருக்கிறது, காசு கிடையாது, பிரவுசரில் ஓடும், இன்ஸ்டால் செய்ய ஒன்றும் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறுவதற்கு முன் ஒரு டீமை அடித்துத் துவைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அதன் டீம்பில்டரை, அதாவது டீம் கட்டும் பக்கத்தை, மட்டும் நம்பிக் கட்டிய டீம் போட்டியில் நிற்காது. கூடவே, ஒரு அடி எவ்வளவு இறக்கும் என்று கணக்கிடும் டேமேஜ் கால்குலேட்டரும் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் போட்டியின் விதி. அதிகாரபூர்வப் போட்டித் தொடரான விஜிசியில் ஆட்டம் டபுள்ஸ், அதாவது ஒரு பக்கத்துக்கு இரண்டு போக்கிமான் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும். ஆறு போக்கிமானைக் கொண்டுபோய், எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, நாலை மட்டும் இறக்க வேண்டும். அதற்கு 90 வினாடி. ஒவ்வொரு டர்னுக்கும் 45 வினாடி, ஒரு ஆளுக்கு மொத்தம் 7 நிமிடம், ஒரு கேமுக்கு 20 நிமிடம். எல்லாம் லெவல் 50. ஒரே போக்கிமான் இரண்டு இருக்கக் கூடாது, ஒரே ஐட்டத்தை (கையில் வைத்திருக்கும் பொருளை) இரண்டு போக்கிமான் பிடிக்கக் கூடாது. இங்கே வரும் எண்கள் எல்லாம் ஸ்கார்லெட், வயலெட் என்ற போக்கிமான் கேம்களுக்கானவை. எந்தப் போக்கிமான் செல்லும் என்பது ரெகுலேஷன் எனும் விதித்தொகுப்புக்கு ஏற்ப மாறும் என்பதால், டீம்பில்டரில் முதல் வேலையாக ஃபார்மட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ரெகுலேஷன் பெயரின் கடைசி எழுத்து மாறிப்போனால் பாதி டீம் செல்லாததாகிவிடும்.

டீம்பில்டர் நன்றாகச் செய்யும் வேலை சரிபார்ப்பு. 'வேலிடேட்' பட்டனை அழுத்தினால் அந்தப் போக்கிமான் அந்த மூவை (தாக்குதல் போன்ற செயலை) கற்க முடியுமா, அபிலிட்டி (இயல்பான சிறப்புத் திறன்) சரியா, ஐட்டம் இரட்டித்திருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். மூவ் பெயரைத் தேடினால் அதைக் கற்கும் எல்லாப் போக்கிமானும் வரிசையாக வரும். ஸ்பீடு கூட்டும் டெயில்விண்ட் போட ஆள் வேண்டும், நீர் வகை ஏற்கெனவே இருக்கிறது என்ற நிலையில் இந்தத் தேடல் பெரிய உதவி. டீம் முழுவதையும் எழுத்தாக எடுக்கலாம், எழுத்தாகவே உள்ளே ஒட்டலாம். வாட்ஸாப்பில் அனுப்பினால் நண்பர் அதே டீமை அப்படியே திறந்துகொள்வார்.

விதிப்படி தப்பில்லாத முட்டாள்தனத்தை அது தடுக்காது. அசால்ட் வெஸ்ட் என்ற ஐட்டம் பிடித்த போக்கிமானுக்கு ப்ரொடெக்ட் என்ற தற்காப்பு மூவைக் கொடுத்துப் பாருங்கள், வேலிடேட் பச்சைக்கொடி காட்டும். ஆட்டத்தில் அந்த மூவை அழுத்தவே முடியாது, ஏனென்றால் அசால்ட் வெஸ்ட் தாக்காத மூவ் எதையும் அனுமதிக்காது. அதோடு, ஸ்டாட் (அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பீடு போன்ற திறன் எண்கள்) பகுதியில் அது பரிந்துரைக்கும் ஈவி (ஸ்டாட்டை உயர்த்த நாம் பங்கிடும் பயிற்சிப் புள்ளிகள்) பங்கீட்டை எடுக்காதீர்கள். மூவ்களைப் பார்த்துப் பொதுவாக ஊகித்துப் போட்டது அது. உங்கள் டீமுக்கு எதிரே எது வரும் என்று அதற்குத் தெரியாது.

டீம் கட்டுவதை ஆறு பெயரில் தொடங்காதீர்கள், இரண்டில் தொடங்குங்கள். உதாரணத்துக்குப் பெலிப்பர், ஆர்க்கலூடன் என்ற இரண்டு போக்கிமான். பெலிப்பர் களத்தில் இறங்கியதும் மழை. மழையில் ஆர்க்கலூடனின் எலக்ட்ரோ ஷாட் ஒரு டர்ன் காத்திருக்காமல் உடனே பாயும், கூடவே ஸ்பெஷல் அட்டாக்கும் ஒரு படி ஏறும். இந்த ஜோடி ஏன் நிற்கிறது என்பதற்கு அதைவிட முக்கியமான காரணம் தற்காப்பில் இருக்கிறது. ஆர்க்கலூடனுக்கு ஆகாத தாக்குதல் வகைகள் ஃபைட்டிங்கும் கிரவுண்டும். பெலிப்பருக்கு கிரவுண்ட் படவே படாது, ஃபைட்டிங் பாதிதான் படும். பெலிப்பருக்கு ஆகாதவை எலக்ட்ரிக்கும் ராக்கும். இரண்டையும் ஆர்க்கலூடன் பாதியாக வாங்கிக்கொள்ளும். இப்படி ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கிற ஜோடி கிடைத்த பிறகுதான் மூன்றாவது ஆளைத் தேட வேண்டும்.

மூன்றாவதாகப் பலரும் அமூங்கஸைச் சேர்ப்பார்கள், அதன் ரேஜ் பவுடர் மூவ் எதிராளியின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று. ஒற்றை இலக்கு மூவுக்கு அது சரி. எர்த்குவேக் போல எல்லோர் மீதும் படுகிற மூவை ரேஜ் பவுடர் இழுக்காது. புல் வகைப் போக்கிமானையும், சேஃப்டி காகில்ஸ் ஐட்டம் பிடித்ததையும்கூட அது இழுக்காது. ஆகவே எதிரே எர்த்குவேக் அடிக்கும் கார்சாம்ப் நின்றால் ஆர்க்கலூடனைக் காப்பாற்ற வேறு ஏற்பாடு வேண்டும். அதற்குத்தான், களத்தில் இறங்கியதும் எதிராளிகளின் அட்டாக்கைக் குறைக்கும் இன்டிமிடேட் அபிலிட்டி வைத்திருக்கும் இன்சினரோர்.

கால்குலேட்டருக்குள் போகும் இடம் இதுதான். திறந்தவுடன் லெவல் 50, டபுள்ஸ் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். டபுள்ஸ் என்று மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கீழே காட்டுகிறோம்.

கார்சாம்ப், அட்டாக் ஈவி 252, ஜாலி நேச்சர் (நேச்சர் என்பது ஒரு ஸ்டாட்டை ஏற்றி இன்னொன்றை இறக்கும் குணம்), ஐட்டம் எதுவும் கணக்கில் இல்லை: அட்டாக் 182. இன்சினரோர், ஹெச்பி (தாங்கும் உயிர்ப்புள்ளி) ஈவி 252, டிஃபென்ஸ் ஈவி பூஜ்ஜியம்: ஹெச்பி 202, டிஃபென்ஸ் 110. எர்த்குவேக் அடித்தால் 138 முதல் 164 வரை இறங்கும். இன்டிமிடேட் விழுந்தபின் அதே அடி 92 முதல் 110. இரண்டு எர்த்குவேக்கில் இன்சினரோர் விழ வாய்ப்பு 49.6 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரிதான். டபுள்ஸ் போடாமல் சிங்கிள்ஸிலேயே விட்டிருந்தால் கால்குலேட்டர் 126 முதல் 150 என்று காட்டும், இரண்டு அடியில் கட்டாயம் விழும் என்று சொல்லும். பலர் மீது படும் மூவுக்கு டபுள்ஸில் முக்கால் பங்கு வலிமைதான் என்பது அங்கே கணக்கில் வராது. ஒரு பட்டனால் தேவையில்லாத பயம் வந்து, ஈவி முழுவதையும் டிஃபென்ஸில் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு.

இப்போது டிஃபென்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஈவி ஏற்றுங்கள். லெவல் 50-இல், ஐவி (பிறவியிலேயே வரும் 0 முதல் 31 வரையான மதிப்பு) 31 இருந்தால், முதல் 4 ஈவிக்கு ஒரு புள்ளி, அதன்பின் ஒவ்வொரு 8-க்கும் ஒரு புள்ளி. அதாவது 4, 12, 20, 28 என்று போகும். நடுவில் உள்ள எண்கள் வீண். 4 போடுங்கள், டிஃபென்ஸ் 111 ஆகும், எர்த்குவேக் கணக்கு அசையாது. 12 போடுங்கள், அசையாது. 20, அப்போதும் அசையாது. 28 போட்டு டிஃபென்ஸ் 114 ஆனதும் அடி 90 முதல் 108 ஆகக் குறைகிறது, இரண்டு அடியில் விழும் வாய்ப்பு 23.4 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆட்டம் பெரும்பாலான படிகளில் பின்னத்தை வெட்டிவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் இப்படிப் படிக்கட்டாக இறங்குகிறது. 20 ஈவி போட்டவரும் பூஜ்ஜியம் போட்டவரும் இந்த அடிக்கு முன்னால் ஒன்றுதான். இன்னொரு 8 போட்டவர் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார். டீம்பில்டரின் ஸ்லைடரை மட்டும் பார்த்துக் கட்டுகிறவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. எங்கள் மதிப்பீட்டில் கால்குலேட்டர் முன்னால் நிற்பதற்குக் காரணமும் இதுதான்.

ஸ்பீடுக்கும் இப்படியே ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜாலி நேச்சரும் முழு ஸ்பீடு ஈவியும் உள்ள கார்சாம்பின் ஸ்பீடு 169. டெயில்விண்ட் நம் பக்க ஸ்பீடை இரட்டிப்பாக்கும் என்பதால் அதைத் தாண்ட 85 போதும், 170 ஆகிவிடும். பெலிப்பருக்கு ஸ்பீடு ஈவியே இல்லாமல், நேச்சர் குறைக்காமல் இருந்தால் சரியாக 85 வரும். இன்சினரோருக்கு 80, ஆகவே 36 ஈவி வேண்டும். எல்லாம் சேர்த்தால் கேர்ஃபுல் நேச்சரில் ஹெச்பி 252, அட்டாக் 4, டிஃபென்ஸ் 28, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 188, ஸ்பீடு 36. மொத்தம் 508, வரம்பு 510. வீணானது ஒன்றுமில்லை.

இன்சினரோருக்கு ஸ்பீடு வேண்டாம் என்று சொல்கிற நல்ல ஆட்டக்காரர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மெதுவான இன்சினரோர் எதிராளியின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, கடைசியில் பார்ட்டிங் ஷாட் போட்டு வெளியேறும். உள்ளே வரும் ஆளுக்கு அந்த டர்னில் ஒரு கீறலும் இருக்காது. மழை டீமில் டெயில்விண்டை நம்பி ஆடினால் 36 வையுங்கள். மெதுவானதை முதலில் ஆடவிடும் டிரிக் ரூமையும் சேர்த்து ஆடினால் எடுத்துவிடுங்கள்.

டிரிக் ரூம் என்றதும் ஐவி விஷயம் வருகிறது. அமூங்கஸுக்கு ஸ்பீடு குறைக்கும் நேச்சரும் ஸ்பீடு ஐவி பூஜ்ஜியமும் இருந்தால் ஸ்பீடு 31. ஐவி 31 என்று விட்டுவிட்டால் 45. டீம்பில்டர் ஐவியைப் பொதுவாக 31 என்றே எடுத்துக்கொள்ளும், ஸ்பீடை நாமாகக் குறைக்க வேண்டும். ஷோடவுனில் அது இரண்டு நொடி வேலை. ஸ்விட்சில் அப்படியில்லை. பாட்டில் கேப் என்ற பொருள் ஐவியை 31-க்கு ஏற்றும், இறக்காது. பூஜ்ஜியம் வேண்டுமானால் பிடித்துப் பார்க்க வேண்டும் அல்லது முட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

இந்த டீம்பில்டரின் பெரிய குறையாக நாங்கள் பார்ப்பதும் அதுதான். எல்லாம் சும்மா கிடைப்பதால் உண்மை ஆட்டத்தில் அதற்கு ஆகும் செலவை எங்கும் காட்டாது. ஒரு ஸ்டாட்டை 252-க்கு ஏற்ற, ஒன்றுக்கு 10 ஈவி வீதம் 26 வைட்டமின் வேண்டும். ஸ்கார்லெட், வயலெட்டில் ஒன்று கேம் பணத்தில் 10,000, ஆக 2,60,000. கடைசியில் 2, 4 என்று மிச்சத்தைத் திருத்த ஒரு ஈவி தரும் இறகுகள். டெரா வகையை (ஆட்டத்தின் நடுவே போக்கிமான் மாறக்கூடிய வகையை) மாற்ற அந்த வகையின் டெரா ஷார்ட் என்ற துண்டு 50. ஒரே ஸ்விட்சை நாலு பேர் பகிர்ந்தால் இந்தச் சரக்கும் நாலாகப் பிரியும். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷோடவுனில் டீமைப் பூட்டிவிடுங்கள். அதன்பின் 'இன்னும் ஒரு மாற்றம்' என்று தொடங்கினால் ஸ்விட்சில் செய்து முடிக்க நேரம் இருக்காது.

பழகும் இடமாக, ஷோடவுனின் தரவரிசை ஆட்டமான லேடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் 1000 புள்ளியில் தொடங்குகிறார்கள். அடிமட்டத்தில் விசித்திரமான டீம்களே அதிகம் வரும், அவற்றை ஜெயிப்பதை வைத்து உங்கள் டீமை எடைபோடாதீர்கள். மூன்று கேம் கொண்ட பிஓ3 ஃபார்மட்டில் ஆடுங்கள். அங்கே எதிராளியின் ஐட்டம், அபிலிட்டி, மூவ், டெரா எல்லாம் முன்பே தெரியும், ஸ்கார்லெட், வயலெட் போட்டிகளிலும் அப்படித்தான். ஈவியும் நேச்சரும் மட்டும் மறைந்திருக்கும். மறைந்திருப்பதை ஊகிக்கத்தான் மேலே சொன்ன கணக்கு. முதல் எர்த்குவேக் எவ்வளவு இறக்கியது என்று பார்த்தால் எதிராளியின் பங்கீடு ஓரளவு பிடிபட்டுவிடும். ஒவ்வொரு ஆட்டத்தின் ரீப்ளேயையும் சேமித்து, தோற்ற கேமில் எந்த நாலை இறக்கினீர்கள் என்பதை மட்டும் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். இறங்கியதும் வெயில் கொண்டுவரும் டோர்கோல் இருக்கும் டீமுக்கு எதிராகப் பெலிப்பரை முதலில் இறக்குவது இந்த ரகம். இருவரும் ஒன்றாக இறங்கினால் வேகமானதின் வானிலை முதலில் வரும், மெதுவானது அதை அழித்துவிடும். டோர்கோல் மகா மந்தம், ஆகவே வெயில்தான் நிற்கும். பெலிப்பர் பின்வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ஃபோனில் இன்னொரு ஆபத்து. டீம்கள் அந்த பிரவுசரிலேயே சேமிக்கப்படுகின்றன. இடம் போதவில்லை என்று பிரவுசர் டேட்டாவை அழித்தால் டீம்களும் கூடவே போய்விடும். 'பேக்கப்' பட்டனை அழுத்தினால் எல்லா டீமும் ஒரே எழுத்துத் தொகுப்பாக வரும், அதை எடுத்து உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். போட்டிக்குத் தர வேண்டிய டீம் தாளையும் இதே எழுத்திலிருந்து நிரப்பலாம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பதற்கு முன் ஸ்விட்சைத் திறந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள், முக்கியமாக டெரா வகையையும் ஐட்டத்தையும். தாளில் ஒன்று, ஆட்டத்தில் வேறொன்று என்றிருந்தால் நடுவர் தண்டனை கொடுக்கலாம்.