6×6 ஸ்லைடு பார்க்க லூப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மீடியம் ஃபார்மட்டில் (35 மி.மீ.யைவிடப் பெரிய 120 ஃபிலிமில்) ஸ்லைடு எடுக்கும் நண்பர்கள், அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸான லூப் வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஆன்லைனில் கேமரா பாகங்கள் விற்கும் ஒரு கடைக்காரர் 3,400 ரூபாய்க்கு என் தலையில் கட்டிய பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கேமரா யாஷிகா மேட் 124ஜி. 6×6 செ.மீ. என்று சொன்னாலும் 120 ஃபிலிமில் படம் விழும் இடம் சுமார் 56 மி.மீ. சதுரம்தான். மூலைக்கு மூலை அளந்தால் 79 மி.மீ. வரும். 35 மி.மீ. ஃபிலிமில் அது வெறும் 43. விளம்பரத்தில் '10எக்ஸ், அக்ரோமேட் கண்ணாடி, 6×6 முழு ஃபிரேமும் தெரியும்' என்று போட்டிருந்தார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கத் தெரியும் இடம் சுருங்குமே, பத்து மடங்கு காட்டும் 10எக்ஸில் முழு ஃபிரேம் எப்படித் தெரியும் என்று போன் போட்டே கேட்டேன். "தெரியும் சார், ஸ்டூடியோக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

வந்து சேர்ந்தது 30 மி.மீ. அகலமுள்ள ஒற்றை பிளாஸ்டிக் லென்ஸ். அக்ரோமேட் என்றால், ஓரத்தில் நிறம் கசியாமல் இருக்க, குறைந்தது இரண்டு கண்ணாடிகள் ஒட்டியிருக்க வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் முன்பக்கம், பின்பக்கம் தவிர, ஒட்டிய இடத்திலிருந்தும் மங்கலாக மூன்றாவது பிம்பம் ஒன்று தெரியும். இதில் இரண்டே பிம்பம். கோட்டிங் போட்ட லென்ஸில் தெரியும் ஊதா, பச்சைச் சாயலும் இல்லை.

லைட் பாக்ஸில் எக்டாக்ரோம் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெளிவு. அதைத் தாண்டினால் நேரான சுவர் வளைகிறது, கம்பிகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசிகிறது. மூலையில் ஃபோகஸ் சரியா என்று பார்க்க லூப்பையே நகர்த்த வேண்டியிருந்தது. அங்கேதான் எனக்குப் பெரிய நஷ்டம். அடிப்பாக வளையத்தில் அச்சில் வார்த்தபோது விட்ட பிசிர் ஒன்றைச் சீவாமலே அனுப்பியிருக்கிறார்கள். அது ஒரு புரோவியா ஸ்லைடில் வானத்தின் குறுக்கே கீறிவிட்டது. ஸ்லைடுக்கு நெகட்டிவ் என்று தனியாக ஏதும் கிடையாது. கையில் இருப்பதுதான் மூலப் படம். ஃபிலிம் விற்கும் விலையில், ஸ்லைடு ஃபிலிமை ஈ-6 முறையில் கழுவும் லேப் தேடி அலையும் நிலையில், இது எவ்வளவு வலிக்கும் என்று எடுப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, 10எக்ஸாவது உண்மையா? அதுவும் பொய். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் லென்ஸைப் பிடித்து, வெளிக்காட்சி தெளிவாக விழும் தூரத்தை அளந்தேன். சுமார் 60 மி.மீ. கண் வசதியாகப் பார்க்கும் தூரமாகக் கணக்கில் வைக்கும் 250 மி.மீ.ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் எத்தனை எக்ஸ் என்று வந்துவிடும். நான்கு! 35 மி.மீ. ஃபிலிமுக்கான மட்டமான லூப்பில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

போன் செய்தால், "லென்ஸுன்னா ஓரம் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் சார்" என்றார். அப்புறம் "பாக்கெட் பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து போனால் எடுப்பதே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் விற்பனையாளர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இதுவரை பணம் வரவில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பில் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் புகாரே கொடுக்க முடிந்தது.

6×6 முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் 3எக்ஸ் போதும். ஷ்னைடர், ரோடன்ஸ்டாக் இரண்டு நிறுவனங்களும் இதற்கென்றே 3எக்ஸ் லூப் செய்தன. பழையதாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான், ஆனால் அந்த விலைக்கு அது தகும். பழையதில் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்லைடுக்கு அடிவளையம் கறுப்பாக, வெளி வெளிச்சத்தை மறைப்பதாக இருக்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் வளையம் பிரிண்ட் பார்ப்பதற்கு. (எனக்கு வந்தது அதுதான்.) இப்போதைக்கு நண்பரின் மாமியா 645 கேமராவிலிருந்து 80 மி.மீ. லென்ஸைக் கழற்றி, அதன் பின்பக்கத்தை ஸ்லைடுக்கு நேராகப் பிடித்து, முன்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்கிறேன். கிட்டத்தட்ட 3எக்ஸ், கோடுகள் கோடுகளாகவே தெரிகின்றன.

அந்த விளம்பரம் அதே படத்தோடு இன்னும் ஓடுகிறது. அங்கே என்றில்லை, யாரிடம் வாங்கினாலும் முதலில் ஒரு மி.மீ. கட்டம் போட்ட கிராஃப் தாளை லூப் வழியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 56 கட்டங்களும் ஓரம்வரை நேராகத் தெரிகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.