பழைய மில்லிங் மெஷினுக்கு மேசா 7ஐ96எஸ் போர்டு: மலைக்கு ஒத்துவருமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரி வேலை எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் பழைய சிஎன்சி மில்லிங் கிடந்தால் அதன் காஸ்டிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கண்ட்ரோலர்தான் உயிரை விட்டிருக்கும். அந்த இடத்தில் உட்கார வைக்க, லினக்ஸ்சிஎன்சி (மெஷினை ஓட்டும் இலவச சாஃப்ட்வேர்) ஓடும் ஒரு கம்ப்யூட்டரோடு ஈதர்நெட் கேபிளில் சேரும் இந்த போர்டு நல்ல தேர்வு. 5 அச்சுக்கு ஸ்டெப்-டைரக்‌ஷன் (எவ்வளவு, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று டிரைவுக்குச் சொல்லும் பல்ஸ் சிக்னல்), 11 இன்புட், 6 அவுட்புட், ஸ்பிண்டிலுக்கு 0–10 வோல்ட், சுழற்சியை எண்ணும் என்கோடருக்கு ஒரு இன்புட். மூன்று அச்சு மெஷினுக்கு இது தாராளம்.

ஆனால் வாங்குமுன் பழைய டிரைவைத் திறந்து பாருங்கள். ±10 வோல்ட் சிக்னலில் ஓடும் சர்வோ என்றால் இந்த போர்டு மட்டும் போதாது. அதற்கு அந்த சிக்னல் தரும் 7ஐ77 வகை போர்டு வேண்டும். டிரைவும் மோட்டாரும் புதிதாகப் போடுகிறவர்களுக்குத்தான் 7ஐ96எஸ். அப்படியே டயல் கேஜ் வைத்து மூன்று அச்சிலும் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் ஆட்டம்) பாருங்கள். தேய்ந்த பால் ஸ்க்ரூவை எந்தக் கண்ட்ரோலரும் சரிசெய்யாது.

இதன் பலம் பல்ஸ் வேகம். 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் நேராக மாட்டிய சர்வோவை ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று வைத்தால் மி.மீ.க்கு 2,000 பல்ஸ். நிமிடத்துக்கு 6 மீட்டர் ராபிட் (வெட்டாமல் நகரும் வேகம்) என்றால் நொடிக்கு 100 மி.மீ., அதாவது 200 கிலோஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட் வழியாகவே பல்ஸ் அனுப்பியவர்களுக்கு இது எட்டாக்கனி. இங்கே போர்டே பல்ஸ் தருவதால் சிரமமில்லை. மாட்டிக்கொள்வது டிரைவ் பக்கம்தான். பல டிரைவ்களில் ஒற்றைக் கம்பி இன்புட் 200 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஒரு சிக்னலுக்கு +, - என இரண்டு கம்பி போகும் டிஃபரென்ஷியலில் 500 வரை போகும். ஆகவே ஸ்டெப்+, ஸ்டெப்-, டைரக்‌ஷன்+, டைரக்‌ஷன்- நான்கையும் முறுக்கிய ஜோடிக் கம்பியில் இழுங்கள். விஎஃப்டி (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) கேபிளை ஒட்டி இதைக் கொண்டுபோகாதீர்கள்.

எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று: 11 இன்புட்டுக்கும் காமன் (பொதுக் கம்பி) ஒன்றே ஒன்று. பழைய மெஷினில் ஒரு அச்சில் பிஎன்பி (+24 வோல்ட் தருவது), இன்னொன்றில் என்பிஎன் (0 வோல்ட்டுக்கு இழுப்பது) ப்ராக்ஸிமிட்டி சென்சார் இருந்தால் இரண்டும் சேராது. எல்லாவற்றையும் பிஎன்பியாக மாற்றி, காமனை 0 வோல்ட்டில் கட்டுவதே சுலபம். போர்டுக்கு 5 வோல்ட் சப்ளை, சென்சாருக்கு 24 வோல்ட். கம்பி மாறினால் போர்டு போச்சு. இரண்டுக்கும் வேறு வேறு நிறக் கம்பி போடுங்கள்.

இனி மலைக்கணக்கு. விஎஃப்டியும் சர்வோ டிரைவும் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கே முழுத் திறன் தரும். காற்று மெலிந்தால் சூடு இறங்காது. அதற்கு மேல் 100 மீட்டருக்குச் சுமார் 1 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பல மேனுவல்களில் இருக்கும். 1,850 மீட்டர் குன்னூருக்கு 8–9 சதவீதம், 2,240 மீட்டர் ஊட்டிக்கு 12. கோவையில் பொருத்தமாக இருந்த விஎஃப்டியையே இங்கே போட்டு, முழு லோடில் டிரிப் ஆகிறது என்று புலம்புவதைவிட ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாம்.

அடுத்தது மூடுபனி. ஃபேன் வெளிக்காற்றை இழுக்கும் பழைய பேனலை அப்படியே விட்டால் காலையில் டெர்மினலில் நீர்த்துளி நிற்கும். ஃபேன் ஓட்டையை அடைத்து, ஈரம் பார்த்து ஆன் ஆகும் ஒரு சிறிய பேனல் ஹீட்டர் போடுங்கள். மெஷின் நின்ற பிறகும் அதற்குத் தனி லைனில் கரண்ட் இருக்கட்டும். மூடிய பேனலில் டிரைவ் சூடு தங்கும், அதனால் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக எடுங்கள்.

இசட் அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டார் கட்டாயம். டிரைவ் மோட்டாரைப் பிடித்த பிறகே பிரேக் விட வேண்டும். டிரைவின் பிரேக் அவுட்புட் வழியாகவே ரிலேயை ஓட்டினால் தலை சரியாது. எமர்ஜென்சி பட்டனை வெறும் இன்புட்டாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அது டிரைவுக்குக் கரண்ட் தரும் கான்டாக்டரையே வெட்ட வேண்டும்.

போர்டின் ஐபியை (நெட்வொர்க் முகவரி) ஜம்பரில் 10.10.10.10 என்று வையுங்கள். 192.168.1.121 வைத்தால் வீட்டு வைஃபை ரூட்டரோடு மோதலாம். ஓட்டத்தின் நடுவே "எரர் ஃபினிஷிங் ரீட்" என்று வந்து நின்றால் போர்டைக் குறைசொல்லும் முன் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டைப் பாருங்கள். இன்டெல் கார்டு போட்டு, இன்டரப்ட் கோலெஸிங்கை (வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்துத் தாமதமாகச் சொல்லும் செட்டிங்) அணைத்தால் அந்த எரர் பெரும்பாலும் வராது.