லிச்செஸ் ஸ்டடி: போட்டி ஆட்டத்தை அலச எவ்வளவு தூரம் உதவும்?

செஸ் போட்டி முடிந்ததும் ஆட்டத்தை இன்ஜினில் (நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரல்) ஏற்றி, எத்தனை பிளண்டர் (பெருந்தவறு) என்று பார்த்துவிட்டு மூடிவைப்பதுதான் பலரின் வழக்கம். எந்த நகர்வு தப்பு என்று அதில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஏன் அப்படி ஆடத் தோன்றியது என்பது மட்டும் தெரியாது. அடுத்த போட்டியில் அதே தப்பு திரும்பவும் வரும். லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில், ஆட்டங்களைக் குறிப்புகளோடு சேர்த்துவைக்கும் ஸ்டடி பகுதியைக் கொஞ்சம் மெனக்கெட்டு அமைத்துக்கொண்டால் அந்த 'ஏன்' பிடிபடும். தளம் முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று எந்த வசதியும் பூட்டி வைக்கப்படவில்லை.

ஆட்டத்தை 'இம்போர்ட்' பக்கத்தில் ஒட்ட வேண்டாம். அங்கே ஏற்றியதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த சுற்று எதிராளியும் பார்க்கலாம். புது ஸ்டடி ஒன்றைத் தொடங்கி, அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டடியில் 64 சாப்டர் வரை போடலாம். ஆட்டத்துக்கு ஒரு சாப்டர் என்று வைத்தால் பல போட்டிகளுக்குத் தாங்கும்.

அடுத்தது, இந்தச் சேவையின் ஆகச் சிறந்த விஷயம் என்று நான் நினைப்பது. அமைப்புகளில் 'கம்ப்யூட்டர் அனாலிசிஸ்' யாருக்கு என்ற இடத்தில் 'யாருக்கும் இல்லை' என்று வைக்கலாம். ஆட்டத் தொடக்க நகர்வுகளைப் பிறர் ஆட்டங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரருக்கும் அப்படியே தனியாக ஒரு அமைப்பு உண்டு. இன்ஜின் கண்ணிலேயே படாமல் முதல் சுற்று அலசலை முடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இன்ஜின் தரும் மதிப்பெண்ணை ஒரு முறை பார்த்துவிட்டால், நாம் அப்போது என்ன நினைத்தோம் என்பதே மனதில் மாறிப்போகும்.

ஆட்டத்தின்போது நகர்வுகளைக் கையால் எழுதிய ஸ்கோர்ஷீட்டிலிருந்து அவற்றை ஏற்றும்போது ஒரு சிக்கல் வரும். இரண்டு ரூக்கும் (கோட்டை) ஒரே கட்டத்துக்குப் போக முடிகிற நிலையில், எது போனது என்று எழுதாமல் விட்டிருப்போம். தவறான ரூக்கை நகர்த்தினாலும் பலகை ஏற்றுக்கொள்ளும். பத்து நகர்வு தள்ளித்தான் 'இந்தக் காய் அங்கே போகாதே' என்று முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது கடைசி நகர்வில் கையை வைக்காமல், குதிரை அல்லது ரூக் சம்பந்தப்பட்ட பழைய நகர்வுகளை முதலில் சோதியுங்கள். கடிகார நேரத்தை ஷீட்டில் குறித்துக்கொள்ள உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இடம் தருகிறது. குறித்திருந்தால் அதையும் அந்தந்த நகர்வின் கமெண்டில் ஏற்றுங்கள். இருபது நிமிடம் யோசித்து ஆடிய தப்பும் இருபது நொடியில் ஆடிய தப்பும் ஒன்றல்ல. திருத்த வேண்டிய பழக்கம் வேறு வேறு.

பிறகு, தடுமாறிய இடங்களில் மட்டும் கமெண்ட் எழுதுங்கள். எந்த நகர்வுகளை யோசித்தீர்கள், எதிராளியின் எந்தப் பதிலுக்குப் பயந்தீர்கள், நிலை யாருக்குச் சாதகம் என்று நினைத்தீர்கள், இவ்வளவு போதும். யோசித்து ஆடாமல் விட்ட வரிசைகளைக் கிளையாகவே போட்டுவிடலாம்.

இதற்குப் பிறகுதான் இன்ஜினைத் திறக்க வேண்டும். தளத்தின் கணினியிலேயே நடக்கும் சர்வர் அலசல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினை வைத்து ஆட்டம் முழுவதையும் வேகமாக ஓட்டிவிடும். பெரிய ஓட்டைகளைக் காட்ட அது போதும். நுணுக்கமான நிலைகளுக்கு உலாவியிலேயே ஓடும் இன்ஜினை இரண்டு மூன்று வரிசைகளோடு கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். மூன்று நகர்வுகள் கிட்டத்தட்ட ஒரே மதிப்பில் இருந்தால், உங்கள் நகர்வு முதலிடத்தில் இல்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. 'எக்ஸ்' விசையை அழுத்தினால் எதிராளியின் மிரட்டல் என்ன என்று காட்டும். கவனிக்காமல் விட்டதால் தோற்ற ஆட்டங்களில் இந்த ஒரு விசையே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும்.

குறைகளும் உண்டு. பிளண்டர், மிஸ்டேக் என்ற முத்திரைகள் வெற்றி வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் குத்தப்படுகின்றன. இன்ஜின் கணக்கில் ஒன்பது புள்ளி முன்னிலை ஆறாகக் குறைந்தால் இந்த இரண்டு முத்திரையும் விழாது. அதேபோல, திட்டமில்லாமல் பதினைந்து நகர்வுகளில் துளித்துளியாக நிலை சரிந்த ஆட்டத்தில் தனித்தனியாக எதுவும் சிக்காது. 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' வசதி முத்திரை விழுந்த இடங்களில்தான் உங்களை நிறுத்தி, வேறு நகர்வு கண்டுபிடிக்கச் சொல்லும். ஆகவே மதிப்பு வரைபடத்தில் மெதுவாகச் சாயும் பகுதி இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். அந்தச் சரிவு தொடங்கிய இடத்தில்தான் பெரும்பாலும் பாடம் இருக்கும். தளம் காட்டும் சதவீதத் துல்லியத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை. எளிதான ஆட்டத்தில் அது தானாக ஏறும்.

சில காய்களே மிஞ்சும் எண்ட்கேமில் இந்தத் தளத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை, எல்லா நிலைகளும் முன்பே கணக்கிடப்பட்ட டேபிள்பேஸ் சரியான முடிவைச் சொல்லிவிடும். வெள்ளை ராஜா இ4, வெள்ளைச் சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ7, வெள்ளையின் முறை என்று வைத்துப் பாருங்கள். சிப்பாயை இ3-க்குத் தள்ளினால் கறுப்பு ராஜா இ6-க்கு வந்து எதிரே நின்றுவிடும், ஆட்டம் டிரா. ராஜாவை இ5-க்கு முன்னேற்றினால் வெற்றி, சிப்பாயின் நகர்வு கையிருப்பாக மிஞ்சும். இப்படி ஒரு நிலை உங்கள் ஆட்டத்தில் வந்திருந்தால், அதைத் தனிச் சாப்டராக்கி 'கம்ப்யூட்டரோடு பயிற்சி' முறையில் வைத்து, இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள்.

ஓப்பனிங்குக்கு மாஸ்டர்ஸ் தரவுத்தளம் உண்டு: 1952-ஆம் ஆண்டிலிருந்து, 2200-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்கள் நேரில் ஆடிய ஆட்டங்கள். எந்த நகர்வில் பழகிய பாதையை விட்டு விலகினீர்கள் என்று பார்த்து, ஒரே ஒரு மாற்று வரிசையைக் குறித்துக்கொண்டால் போதும்.

சொந்த ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, நிலைமை வாரியாகத் தேட வேண்டியவர்களுக்கு இது பற்றாது; அவர்கள் செஸ்பேஸ் போன்ற கட்டண மென்பொருளுக்குத்தான் போக வேண்டும். ஸ்டடியில் எழுதிய கமெண்ட், கிளை எல்லாம் பிஜிஎன் கோப்பில் (செஸ் மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவம்) அப்படியே இறங்குவதால், பின்னால் மாறினாலும் உழைப்பு வீணாகாது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஸ்டடி முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.